வலைவழிச் செய்திச் சேவைக்குத் தனி மேசைக்கணினிச் செயலி உருவாக்குதல்: கட்டமைப்பும் தமிழ்ப் பயன்பாட்டுச் சிக்கல்களும்

ஆய்வுச் சுருக்கம்

உலாவியின் வழி இயங்கும் செய்திச் சேவை ஒன்றை மேசைக்கணினியில் தனிச் செயலியாக அமைத்துக்கொள்ளும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது. வாட்ஸ்அப் வெப் எடுத்துக்காட்டாகவும், எலெக்ட்ரான் கட்டமைப்பு கருவியாகவும் கொள்ளப்பட்டுள்ளன. செயலியின் உள்ளமைப்பு, தமிழில் தட்டெழுதுவோருக்கு அதில் நேரும் சிக்கல்கள், பயனரின் உரையாடல்கள் எவர் கையில் ஒப்படைக்கப்படுகின்றன என்னும் வினா ஆகிய மூன்றும் இதில் ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: உறைச்செயலி, எலெக்ட்ரான், முனைக்குமுனை மறையாக்கம், தமிழ் உள்ளீடு, ஒருங்குறி இயல்பாக்கம், இயைந்தியங்கல்.

முன்னுரை

வாட்ஸ்அப் நிறுவனம் 2015 சனவரியில் தன் சேவையை உலாவிக்கும் விரிவாக்கியது. அப்போது செய்திகள் கைப்பேசியிலேயே இருந்தன. உலாவியில் தெரிந்தது அவற்றின் நிழல் மட்டுமே. கைப்பேசி இணையத்திலிருந்து விலகினால் உலாவியும் செயலற்றது. 2021ஆம் ஆண்டில் சோதனையாகத் தொடங்கப்பட்ட பல்கருவி முறை இந்நிலையை மாற்றியது. கைப்பேசியோடு மேலும் நான்கு கருவிகளை இணைக்கலாம். ஒவ்வொரு கருவிக்கும் தனி மறையாக்கச் சாவி உண்டு. கைப்பேசி அணைந்திருந்தாலும் பிற கருவிகள் இயங்கும். இம்மாற்றத்தால் உலாவிச் சாளரம் தன்னளவில் முழுமையான ஒரு கருவியாயிற்று. தனிச்செயலி பற்றிய ஆய்வுக்கு இதுவே தொடக்கப்புள்ளி.

உலாவியிலேயே கிடைக்கும் ஒன்றுக்குத் தனிச்செயலி எதற்கு என்னும் ஐயம் இயல்பானது. முப்பது தத்தல்களுக்கிடையே உரையாடல் தத்தல் தொலைந்துபோவதும், உலாவியை மூடினால் அறிவிப்பு வராமையும், அலுவல் எண்ணையும் சொந்த எண்ணையும் ஒரே உலாவியில் பிரித்து வைக்க இயலாமையும் அன்றாடம் எதிர்ப்படும் காரணங்கள். சேவை வழங்குநர் தரும் அதிகாரப்பூர்வச் செயலி எல்லா இயங்குதளங்களுக்கும் கிடைப்பதில்லை. வாட்ஸ்அப் நிறுவனம் லினக்சுக்கு மேசைக்கணினிச் செயலி வெளியிடவில்லை. எழுத்துருவையும் விசைக்குறுக்குகளையும் தம் தேவைக்கேற்ப அமைத்துக்கொள்ள விரும்புவோரும் இவ்வழியை நாடுகின்றனர்.

மூன்று வழிகள்

தனிச்செயலி அமைக்க மூன்று வழிகள் உள்ளன. சேவை வழங்குநரே திறந்து வைத்துள்ள நிரலிடைமுகத்தைக் கொண்டு செயலியை முழுமையாக எழுதுவது முதல் வழி. டெலிகிராம் இதற்கு நல்ல சான்று. அந்நிறுவனம் தன் மேசைக்கணினிச் செயலியின் மூலநிரலை வெளியிட்டுள்ளது. 2018இல் பிறர் பயன்படுத்தத்தக்க நிரலகம் ஒன்றையும் அளித்தது. ஆயினும் நிபந்தனைகள் உண்டு: பயனர் அறியாமல் அவர் பெயரில் எதையும் செய்யலாகாது, தானே அழியும் செய்திகளிலும் படித்தமைக்கான குறிகளிலும் கைவைக்கலாகாது.

நிரலிடைமுகம் திறக்கப்படாத சேவைகளில், சேவையகத்தோடு நிகழும் பரிமாற்றத்தைக் கூர்ந்து நோக்கி நெறிமுறையை மீட்டுருவாக்குவது இரண்டாம் வழி. வாட்ஸ்அப்புக்கு இவ்வாறு எழுதப்பட்ட திறமூல நிரலகங்களுள் வாட்ஸ்மியவ், பெய்லீஸ் ஆகியன பரவலாக அறியப்பட்டவை. இவ்வழியில் உருவாகும் செயலி இலகுவானது. நினைவகத்தைக் குறைவாகவே கொள்ளும். ஆனால் வழங்குநரின் விதிகளுக்கு நேர்முரணாக அமையும் வழியும் இதுவே. கணக்கு முடக்கப்படும் இடர் எப்போதும் உண்டு.

மூன்றாவது, வழங்குநரின் வலைப்பக்கத்தையே அப்படியே ஏற்று, அதைச் சுற்றி ஒரு சாளரத்தை அமைப்பது. இக்கட்டுரை இதனை உறைச்செயலி எனக் குறிக்கிறது. மறையாக்கம், செய்திப் பரிமாற்றம், தோற்றம் ஆகிய அனைத்தையும் வழங்குநரின் நிரலே செய்கிறது. உறை செய்வது வீடு கட்டுவதன்று, வாசலும் சாளரமும் பொருத்துவது. எளிமையானது என இதைக் குறைத்து மதிப்பிடுதல் தகாது. 2016இல் வெளிவந்த வாட்ஸ்அப்பின் அதிகாரப்பூர்வ மேசைக்கணினிச் செயலியே எலெக்ட்ரானில் அமைந்த உறைதான். விண்டோசுக்கெனப் பின்னர் 2022இல் இயல்நிரலில் எழுதப்பட்ட செயலி வந்தது. 2025இல் அந்நிறுவனம் மீண்டும் வலைப்பக்கத்தைப் பொதியும் முறைக்கே திரும்பியது.

உறைச்செயலியின் உள்ளமைப்பு

எலெக்ட்ரான் என்பது குரோமியம் உலாவி இயந்திரத்தையும் நோட்.ஜேஎஸ் இயக்கச் சூழலையும் ஒன்றாகப் பிணைத்த கட்டமைப்பு. கிட்ஹப் நிறுவனத்தில் ஆட்டம் என்னும் தொகுப்பானுக்காக 2013இல் தொடங்கப்பட்டு, 2015இல் இப்பெயர் பெற்றது. இதில் எழுதப்படும் செயலி இருவகைச் செயல்முறைகளாகப் பிரிந்து இயங்கும். முதன்மைச் செயல்முறை கோப்புகளையும் சாளரங்களையும் இயங்குதளத்தையும் கையாளும். காட்சிச் செயல்முறை வலைப்பக்கத்தைக் காட்டும். இவ்விரண்டுக்கும் இடையே முன்னிணைப்பு நிரல் என்னும் சிறு பாலம் ஒன்று உண்டு. வலைப்பக்கம் ஏற்றப்படுவதற்கு முன்னரே இது இயங்கித் தேவையான சில செயல்களை மட்டும் இரு பக்கத்துக்கும் இடையே கடத்தும்.

இப்பிரிவு வெறும் ஒழுங்கிற்காக ஏற்பட்டதன்று. தொடக்கக்கால எலெக்ட்ரானில் வலைப்பக்கத்தின் ஜாவாஸ்கிரிப்ட் நிரலுக்கு நோட்.ஜேஎஸ்சின் ஆற்றல் முழுவதும் இயல்பாகவே கிட்டியது. அதாவது, தொலைவிலுள்ள சேவையகத்திலிருந்து வரும் பக்கம் ஒன்று பயனரின் கோப்புகளைப் படிக்கவும் அழிக்கவும் கூடும். ஐந்தாம் பதிப்பில் (2019) இவ்வாற்றல் இயல்பமைப்பிலிருந்து நீக்கப்பட்டது. பன்னிரண்டாம் பதிப்பில் (2021) முன்னிணைப்பு நிரலும் பக்கத்தின் நிரலும் தனித்தனிச் சூழல்களில் இயங்கும் வகை இயல்பாயிற்று. இருபதாம் பதிப்பு (2022) காட்சிச் செயல்முறையை அடைப்புக்குள் இயங்கச் செய்தது. பழைய வழிகாட்டிகளைப் பார்த்து எழுதுவோர் இம்மூன்று காப்புகளையும் தாமே அணைத்துவிடுவதுண்டு. பக்கத்திலுள்ள ஒன்றை முதன்மைச் செயல்முறைக்கு அனுப்ப அது எளிய குறுக்குவழியாகத் தோன்றுவதே காரணம். பிறர் எழுதிய பக்கத்தைப் பொதியும் செயலியில் இதனினும் பெரிய பிழை வேறில்லை.

சாளரத்தை உருவாக்கி முகவரியை ஏற்றியதும் முதலில் எதிர்ப்படுவது ஒரு மறுப்பு. எலெக்ட்ரான் தன்னை அறிமுகப்படுத்தும் உலாவி அடையாளச் சரத்தில் தன் பெயரையும் செயலியின் பெயரையும் சேர்க்கிறது. வாட்ஸ்அப் வெப் அச்சரத்தைக் கண்டு, புதிய குரோம் உலாவியைப் பயன்படுத்துமாறு கோரும் பக்கத்தைக் காட்டியமை உறைச்செயலி எழுதியோர் பலரும் கண்ட ஒன்று. அவ்விரு பெயர்களையும் நீக்கிவிட்டு, செயலியில் உண்மையாகவே அடங்கியுள்ள குரோமியம் பதிப்பெண்ணை அப்படியே விட்டுவைப்பது போதுமானது. பொய்யான பதிப்பெண்ணைத் தருவது பின்னாளில் வேறு கோளாறுகளுக்கு இடமளிக்கும்.

அமர்வு இரண்டாவது. விரைவுக்குறியைக் கைப்பேசியால் ஒருமுறை படித்தபின் அவ்விணைப்பு நிலைத்திருக்க வேண்டுமெனில், பக்கம் சேமிக்கும் தரவு வட்டில் தங்க வேண்டும். எலெக்ட்ரானில் நிலைத்த தரவறை ஒன்றுக்குப் பெயரிட்டால் இது நிகழும். இரண்டு பெயர்களிட்டால் இரண்டு தரவறைகள். ஆகவே ஒரே செயலியில் இரண்டு கணக்குகள். அலுவல் எண்ணும் சொந்த எண்ணும் கலவாமல் இருப்பதற்கு வேறு வித்தை எதுவும் தேவையில்லை. ஆனால் செயலி இருமுறை திறக்கப்பட்டு ஒரே தரவறையை இரண்டு சாளரங்கள் ஆள முற்பட்டால் குழப்பம் நேரும். ஒரு நேரத்தில் ஒரு படியே இயங்குமாறு பூட்டுப் போடுவதும், இரண்டாம் முறை சொடுக்கும்போது முன்பே உள்ள சாளரத்தை மேலே கொணர்வதும் செயலியின் கடமை.

படிக்கப்படாத செய்திகளின் எண்ணிக்கையைப் பணிப்பட்டைச் சின்னத்தில் காட்டுவது பயனர் மிகுதியும் விரும்பும் வசதி. இதற்குப் பக்கத்தின் உள்ளுறுப்புகளைத் தோண்ட வேண்டியதில்லை. பக்கத்தின் தலைப்பில் அடைப்புக்குறிக்குள் அவ்வெண் வருகிறது. தலைப்பு மாறும்போது எழும் நிகழ்வைக் கேட்டு எண்ணைப் பிரித்தெடுத்தால் போதும். மாறாக, உறுப்புகளின் வகுப்புப் பெயர்களை நம்பும் நிரல் நீண்ட நாள் வாழாது. அப்பெயர்கள் தொகுப்பின்போது இயந்திரத்தால் இடப்படுபவை. வழங்குநர் பக்கத்தைப் புதுப்பிக்கும் ஏதோ ஒரு நாளில் சொல்லாமல் மாறிவிடும். திரைபடிப்பான்களுக்காக இடப்படும் விளக்கப் பெயர்கள் சற்று நிலையானவை எனினும், முகப்பின் மொழி மாறினால் அவையும் மாறும். ஆங்கில முகப்பில் சோதிக்கப்பட்ட செயலி தமிழ் முகப்பில் தடுமாறுவதற்கு இதுவே காரணம்.

சாளரத்தின் மூடும் பொத்தானை அழுத்தினால் செயலி முடிவுறாமல் மறைந்து நிற்பது வழக்கம். இன்றேல் அறிவிப்பு வராது. மறைந்த பக்கத்தின் நேரக்கணிப்பிகளைக் குரோமியம் மந்தப்படுத்தும் இயல்புடையது. மின்சாரத்தைச் சேமிக்கும் நல்ல ஏற்பாடு அது. ஆனால் செய்திச் செயலியில் அறிவிப்பைத் தாமதப்படுத்தக்கூடும். இச்சாளரத்திற்கு மட்டும் அதை விலக்கும் அமைவு எலெக்ட்ரானில் உள்ளது. செய்தியில் வரும் இணைப்பைச் சொடுக்கும்போது அது செயலிக்குள் திறவாமல் பயனரின் உலாவியில் திறக்க வேண்டும். அப்போதும் முகவரி வலை நெறிமுறையில்தான் தொடங்குகிறதா எனச் சோதித்த பின்னரே இயங்குதளத்திடம் ஒப்படைத்தல் வேண்டும். கணினியிலுள்ள கோப்பைச் சுட்டும் முகவரியை அவ்வாறே கடத்தினால், எவரோ அனுப்பிய ஒரு செய்தி பயனரின் கணினியில் நிரலை இயக்கும் நிலை ஏற்படலாம்.

இக்கட்டமைப்பின் குறை அதன் பருமன். ஒவ்வொரு செயலியும் முழு உலாவி ஒன்றைத் தன்னுடன் சுமந்து வருகிறது. 2022இல் முதற்பதிப்பை எட்டிய டாரி போன்ற கட்டமைப்புகள் இயங்குதளத்தில் முன்பே உள்ள வலைக்காட்சிக் கூறைப் பயன்படுத்துவதால் சிறியனவாக அமைகின்றன. அவற்றில் விண்டோசில் ஓர் இயந்திரமும் மேக், லினக்சு ஆகியவற்றில் வேறோர் இயந்திரமும் பக்கத்தைக் காட்டும். குரோமுக்கெனச் சோதிக்கப்பட்ட பக்கம் எல்லாவற்றிலும் ஒன்றுபோல் இயங்கும் என்பதற்கு உறுதியில்லை.

தமிழ் உள்ளீடும் தமிழ்க் காட்சியும்

உறைச்செயலி எழுதுவோர் தாமாகச் சேர்க்கும் வசதிகளிலேதான் தமிழ்ப் பயனருக்குத் தொல்லை தொடங்குகிறது. அவற்றுள் முதலாவது அனுப்பு விசை. ஒலிபெயர்ப்பு முறையில் தட்டெழுதுவோர் சொல்லின் ஒலியை உரோமன் எழுத்தில் இட, உள்ளீட்டுக் கருவி தமிழ்ச் சொற்களைப் பரிந்துரைக்கும். ஒன்றைத் தேர்ந்து நுழைவு விசையை அழுத்தினால் சொல் நிலைபெறும். நுழைவு விசைக்குத் தனியே செயல் எழுதிய செயலி, சொல் இன்னும் உருவாகிக்கொண்டிருக்கிறதா என்பதைக் கேளாவிடில், அரைகுறைச் சொல்லை அனுப்பிவிடும். விசை நிகழ்வில் இதற்கென்றே ஒரு பண்பு உள்ளது; அது உண்மையெனில் விசையை உள்ளீட்டுக் கருவிக்கே விட்டுவிட வேண்டும். ஒற்றை வரிச் சோதனைதான். ஆங்கிலத்தில் மட்டும் தட்டெழுதி நிரல் எழுதுவோர் இதன் தேவையை உணர வாய்ப்பில்லை.

விசைக்குறுக்குகளிலும் இதனையொத்த சிக்கல் உண்டு. 1999ஆம் ஆண்டு தமிழ்நாட்டரசு ஏற்ற தமிழ்99 அமைப்பில், ஆங்கிலத்தில் ‘கே’ அமைந்த விசை ‘ம’கரத்தைத் தரும். கட்டுப்பாட்டு விசையுடன் அதனை அழுத்தித் தேடலைத் திறக்குமாறு ஒரு செயலி அமைந்திருப்பதாகக் கொள்வோம். விசை தரும் எழுத்தைக் கொண்டு ஒப்பிடும் நிரல், சில இயங்குதளங்களில் ‘ம’வைக் கண்டு எதையும் செய்யாமல் நிற்கும். விசையின் இருப்பிடத்தைக் கொண்டு ஒப்பிட்டால் இச்சிக்கல் எழாது.

அறிவிப்பில் செய்தியின் முற்பகுதியை மட்டும் காட்ட விரும்பும் செயலி அதனைக் குறிப்பிட்ட நீளத்தில் வெட்டும். ஜாவாஸ்கிரிப்ட் எண்ணுவது குறியிடங்களை, எழுத்துகளை அன்று. ‘தமிழ்’ என்னும் சொல்லில் எழுத்து மூன்று, குறியிடம் ஐந்து. ‘வந்தான்’ என்னும் சொல் ஏழு குறியிடங்களால் ஆனது. ஆறாவதில் வெட்டினால் இறுதிப் புள்ளி நீங்கி ‘வந்தான’ என்றாகும். புள்ளி நீங்கிய சொல் தமிழில் வெறும் குறைச்சொல்லாக நில்லாது; பல நேரங்களில் வேறு சொல்லாகவே படிக்கப்படும். ‘கண்’ ‘கண’ ஆகும். ‘பல்’ ‘பல’ ஆகும். எழுத்தெல்லையை அறிந்து பிரிக்கும் கருவி ஜாவாஸ்கிரிப்டிலேயே உள்ளது. அதனைப் பயன்படுத்தி வெட்டுவதே முறை. அக்கருவியும் ‘க்ஷ’ என்பதனை ‘க்’, ‘ஷ’ என இரண்டாகக் கொள்ளும் என்பது நினைவிற்கொள்ளத் தக்கது.

தேடலில் எழும் சிக்கல் இன்னும் நுட்பமானது. ஒருங்குறியில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரையிலான 128 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. ஒகர உயிர்க்குறிக்கு 3018 என்னும் தனி இடம் உண்டு. எகரக் குறி (3014), கால் (3006) ஆகிய இரண்டையும் அடுத்தடுத்து இட்டும் அதே தோற்றத்தைப் பெறலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வெவ்வேறு. ஒருவர் ஒரு முறையில் அனுப்பிய ‘கொடி’யை மற்றவர் வேறு முறையில் தட்டெழுதித் தேடினால் கிட்டாது. செய்திகளைத் தன்னிடம் சேமித்துத் தேடும் செயலி, சேமிக்கும் சரத்தையும் தேடும் சரத்தையும் ஒருங்குறி இயல்பாக்கத்திற்கு உட்படுத்தினால் இது தீரும். ஔகாரத்தில் தீராத பகுதியொன்று எஞ்சும். ‘மௌனம்’ என்பதை எகரக் குறியும் ‘ள’கரமும் கொண்டு ‘மெளனம்’ எனத் தட்டெழுதும் வழக்கம் பரவலானது. இங்கு இடப்பட்டது உண்மையான ளகர எழுத்தே ஆதலின் இயல்பாக்கம் அதனைத் தொடாது. ‘வெள்ளம்’ போன்ற சொற்கள் சிதையாமல் இதனைச் சரிசெய்ய அகராதியின் துணை வேண்டும்.

காட்சியைப் பொறுத்தவரை, உறைச்செயலி பக்கத்துள் தன் பாணித்தாளைச் செலுத்தி விரும்பிய எழுத்துருவை இடலாம். எல்லா உறுப்புகளுக்கும் ஒரே எழுத்துருவைத் திணிப்பது பட எழுத்துகளையும் சின்னங்களையும் கெடுக்கும். எழுத்துரு அறிவிப்பில் மேற்குறித்த தமிழ் இடங்களை மட்டும் வரம்பாகக் குறித்தால், தமிழ் வரிகள் நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற எழுத்துருவிலும் ஏனையவை முன்போலவும் தோன்றும்.

பயனரின் நம்பிக்கை எங்கே முடிகிறது

வாட்ஸ்அப் முனைக்குமுனை மறையாக்கம் கொண்டது. இடையிலுள்ள சேவையகம் செய்தியைப் படிக்க இயலாது. உறைச்செயலி அமர்ந்திருப்பது இடையில் அன்று, முனையிலேயே. மறைநீக்கம் பெற்ற செய்தி திரையில் தோன்றும் இடம் அதன் கைக்குள் உள்ளது. முன்னிணைப்பு நிரலால் ஒவ்வோர் உரையாடலையும் படிக்கவும் வேறிடத்திற்கு அனுப்பவும் முடியும். மறையாக்கம் இதனைத் தடுக்காது. தடுப்பது அதன் வேலையும் அன்று. ஆகவே பிறர் தொகுத்தளித்த உறைச்செயலியை நிறுவும் பயனர், தம் உரையாடல்களை மட்டுமன்றித் தம்முடன் பேசுவோர் அனைவரின் சொற்களையும் அறிமுகமற்ற ஒருவரிடம் ஒப்படைக்கிறார். அவர்களுள் எவரும் அதற்கு இசைவு தந்தவரல்லர். மூலநிரல் வெளியிடப்பட்டிருத்தல் மட்டும் போதாது. பதிவிறக்கும் தொகுப்பு அம்மூலநிரலிலிருந்துதான் உருவானது என்பதைச் சரிபார்க்கவும் இயல வேண்டும்.

தீய எண்ணமற்ற செயலியிலும் கவனக்குறைவு இதே விளைவைத் தரும். கேமரா, ஒலிவாங்கி, இருப்பிடம் முதலியவற்றுக்குப் பக்கம் அனுமதி கேட்கும்போது உலாவி பயனரிடம் வினவும். எலெக்ட்ரானோ, செயலியை எழுதியவர் தனியே கையாளாவிடில், கேட்ட அனைத்தையும் வினவாமலே வழங்கும். எவ்வெவற்றை எந்த முகவரிக்கு வழங்குவது என்னும் பட்டியலை எழுதுவது ஆசிரியரின் பொறுப்பு. அமர்வுத் தரவு தங்கும் கோப்புறையும் அத்தகையதே. அதனைப் படியெடுத்துச் செல்பவர் அமர்வையே எடுத்துச் செல்ல வாய்ப்புண்டு. பொதுக்கணினிகளைப் பலர் பகிரும் துறை ஆய்வகங்களில் இது கற்பனையான அச்சமன்று. மேலும், குரோமியத்தில் பாதுகாப்புக் குறைகள் கண்டறியப்படும்போது உலாவி தானே புதுப்பித்துக்கொள்கிறது. ஆசிரியர் கைவிட்ட உறைச்செயலியில் பழைய குரோமியமே தங்கிவிடும். ஒரு வார இறுதியில் எழுதி முடிக்கத்தக்க செயலியைப் பிறருக்கு வழங்கத் தொடங்கியதும் ஆண்டுக்கணக்கில் பேண வேண்டியதாகிறது.

வழங்குநரின் வேலி

பிறர் எழுதிய செயலியைச் சேவை ஏற்க வேண்டுமா என்னும் வழக்குப் பழையது. 1999 சூலையில் மைக்ரோசாப்ட் வெளியிட்ட எம்எஸ்என் மெசஞ்சர், ஏஓஎல் நிறுவனத்தின் பயனர்களோடும் உரையாட வழிசெய்தது. ஏஓஎல் அதனைத் தடுத்தது. மைக்ரோசாப்ட் நிரலை மாற்றியது. மீண்டும் தடை, மீண்டும் மாற்றம் எனப் பலமுறை தொடர்ந்தது. இறுதியில் ஏஓஎல், தன் செயலியில் இருந்த நினைவக வழிவுப் பிழை ஒன்றையே அடையாளச் சோதனையாகப் பயன்படுத்தியது. அப்பிழை இல்லாத செயலி போலி எனக் கண்டுகொள்ளப்பட்டது. தன் பயனர்களின் கணினியில் இருந்த ஓட்டையைப் போட்டியாளரைத் தடுக்கும் கருவியாக்கிய இச்செயல் கணினி வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

எக்ஸ்எம்பிபி என்னும் திறந்த நெறிமுறை 2004இல் இணையத் தரமாக வெளியானபோது இவ்வேலிகள் தளரும் என எதிர்பார்க்கப்பட்டது. கூகுள் டாக் 2005இல் அதனை ஏற்றது. ஃபேஸ்புக் 2010இல் தன் உரையாடலுக்கு அவ்வழியைத் திறந்து, 2015இல் மூடியது. பயனர் எண்ணிக்கை பெருகும்வரை திறந்த வாயில் வழங்குநருக்கு ஆதாயம். பெருகிய பின் அதுவே சுமை.

ஐரோப்பிய ஒன்றியத்தின் எண்ணிமச் சந்தைகள் சட்டம் இதனைச் சட்ட வழியில் அணுகுகிறது. 2023 செப்டம்பரில் வாட்ஸ்அப்பும் மெசஞ்சரும் அச்சட்டத்தின் ஏழாம் பிரிவின்கீழ்க் கொணரப்பட்டன. பிற செய்திச் சேவைகள் கோரினால் இயைந்தியங்கும் வழியை, மறையாக்கத்தின் காப்புக் குறையாமல், அவை அளிக்க வேண்டும். இக்கடமை 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. ஆயினும் சட்டம் பேசுவது ஒரு சேவைக்கும் இன்னொரு சேவைக்கும் இடையேயான பாலத்தைப் பற்றி. வாட்ஸ்அப் கணக்கை வைத்துக்கொண்டே தாம் எழுதிய சாளரத்தின் வழி அதனைக் காண விரும்பும் தனிப்பயனர் அதன் வரம்பில் இல்லை. அவருடைய செயலி, வழங்குநர் அதனைக் கண்டும் காணாமல் விடும்வரை இயங்கும்.